எண்ணும் பெயரும் இல்லாத அந்த வியாழக்கிழமை

சின்னத்திரை விருது விழா நடத்தும் தொலைக்காட்சி நிர்வாகத்தினருக்கும், விருதுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நடுவர் குழுவினருக்கும்,

உங்கள் விழாவைச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுதாக உட்கார்ந்து பார்த்தோம். நான்கு மணி நேரம். பிடித்த நாயகன், பிடித்த நாயகி, பிடித்த ஜோடி, பிடித்த மாமியார், பிடித்த வில்லி என்று எல்லாருக்கும் மேடையில் வைத்துக் கொடுத்தீர்கள். நடுநடுவே ஏழெட்டு நடனம். வசனத்துக்கான விருது எப்போது வரும் என்று என் அம்மா சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் காத்திருந்தார். அது மேடைக்கு வரவே இல்லை. ஒரு நடனம் நடந்துகொண்டிருந்தபோது திரையின் அடியில் ஓடிய எழுத்தில், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஒப்பனை ஆகியவற்றோடு சேர்ந்து அதுவும் ஓடிப்போனது. என் அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவர் 'வசனம்' என்ற சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் பெயர் போய்விட்டது.

"யாருட்டி அது?" என்று என்னைக் கேட்டார். நானும் நடனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியவில்லை.

உங்கள் தொலைக்காட்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருவர் மட்டும் செய்கிற காரியமாக இருந்தால் எழுதியிருப்பேன். படிக்கும்போது 'இது நம்மைத்தான்' என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறதோ அத்தனை பேருக்கும் இந்த மடல்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அம்மா நாற்பத்திரண்டு வருடம் பீடி சுற்றியவர். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டித் தலையை மடக்கும் அந்தக் கை வேலைக்குக் கண் தேவைப்படாது. கண்ணும் காதும் டிவிக்குத்தான். மெட்டி ஒலியின் 800-க்கு மேற்பட்ட எபிசோடுகளையும், கோலங்களின் 1,500-க்கு மேற்பட்ட எபிசோடுகளையும் அம்மா சுளகோடுதான் பார்த்தார். தமிழ்நாட்டில் சீரியல் பார்ப்பவர்கள் வேலையற்றவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு ஒரு சாயங்காலம் வந்து பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் வருடாவருடம் மார்கழி முடிவில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். அம்மா, நான், கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள், மூன்று பேரும் அந்த வருடம் டிவியில் பார்த்ததிலேயே தனக்குப் பிடித்த ஒரே ஒரு எபிசோடைச் சொல்ல வேண்டும். தொடரைச் சொல்லக் கூடாது. அந்த ஒரு நாள் மட்டும். ஏன் பிடித்தது என்று மற்ற இருவரும் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். யார் சொன்னது ஜெயிக்கிறதோ அவருக்கு முதல் அதிரசம்.

2025-ஆம் வருடத்துக்கு மகள் சொன்னது 'அடோலசன்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரின் மூன்றாவது எபிசோட். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கொலைக் குற்றச்சாட்டில் உள்ளே இருக்கிறான். அவனிடம் பேசுவதற்கு ஓர் உளவியலாளர் வருகிறார். ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு பேர். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். அந்தப் பெண் பையனுக்கு ஹாட் சாக்லேட் கொண்டுவந்து கொடுக்கிறார், தன் சாண்ட்விச்சில் பாதியும். அவன் ஒரு வாய்தான் கடிக்கிறான். கடைசியில் அவனை இழுத்துக்கொண்டு போன பிறகு, அந்த மிச்சத் துண்டைத் தொடக்கூட முடியாமல் அவர் நிற்கிற நிலை இருக்கிறதே, அதற்காகத்தான் என்றாள் மகள். அந்தப் பையன், ஓவன் கூப்பர், அதற்கு முன் கேமரா முன்னால் நின்றதே இல்லையாம். தொடரிலேயே முதலில் படமாக்கியது இந்த மூன்றாவது எபிசோடைத்தானாம். நாம் பார்ப்பது பதினோராவது டேக். எழுதியவர்கள் ஜாக் தார்ன், ஸ்டீபன் கிரஹாம். இயக்கியவர் பிலிப் பரன்டினி. எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

நான் சொன்னது அதே தொடரின் இரண்டாவது எபிசோட். ஆசிரியைக்கு வேறு எது பிடிக்கும்? அது பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குள்தான் நடக்கிறது. போலீஸ் அதிகாரி வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குகிறார், ஒன்றும் புரியவில்லை. அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன்தான் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, பையன்கள் போனில் அனுப்பிக்கொள்ளும் அந்தச் சின்னச் சின்ன எமோஜி பொம்மைகளுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிக் கொடுக்கிறான். அப்பா முகத்தைப் பார்த்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூம் மொத்தமும் என் கண்ணுக்கு வந்தது. மறுநாள் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும்போது எனக்கு லேசாக உதறல் எடுத்தது என்பது வேறு விஷயம்.

அப்புறம் அம்மாவின் முறை.

"ஆவணி மாசம் ஒரு வியாழக்கிழமை வந்துச்சே, அந்தப் புள்ள அரிசி அளந்துச்சே, அதுதான்" என்றார்.

நான் பார்த்திருந்தேன், அதனால் உடனே புரிந்தது. மகளுக்குப் புரியவில்லை. அம்மா சொல்லச் சொல்ல அவளும் அமைதியாகிவிட்டாள். உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் ஒளிபரப்பியதுதான். ஆனால் உங்களுக்கு ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

பெரிய குடும்பம். மாமனார் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்ட மறுநாள். மூத்த மருமகள் காலையில் சோறு வைக்க அரிசி அளக்கிறாள். உழக்கால் அளந்து போடுகிறாள், எப்போதும்போல. அளந்து முடித்த பிறகுதான் கை நிற்கிறது. இறந்தவருக்கும் சேர்த்து அளந்துவிட்டாள். கொஞ்ச நேரம் சட்டியையே பார்க்கிறாள். பிறகு ஒரு உழக்கைத் திருப்பி அள்ளுகிறாள். வாசல்படியில் மாமியார். அதுவரை ஒரு வருடமாக அந்த அம்மா அந்தப் பெண்ணை ஓட ஓட விரட்டியவர். இப்போது வரப்போகிறது ஒரு சண்டை என்று நினைத்தோம். அவர் வந்து, மருமகள் கையில் இருந்த உழக்கை வாங்கி, அந்த அரிசியைத் திரும்பவும் சட்டியிலேயே கொட்டுகிறார். "நாளையிலேர்ந்து குறைச்சுக்கலாம்" என்கிறார். அவ்வளவுதான் வசனம். இரண்டு பேரும் அரிசியைக் களைகிறார்கள்.

டமார் என்று ஒரு சத்தம் இல்லை. முகத்தை மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்துக் காட்டவில்லை. பின்னணி இசையே இல்லை என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் இருந்தது. முக்கால்வாசி எபிசோட் அந்த அடுப்படியிலேயே நடந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கை நின்றிருந்தது. வயதாகிவிட்டதால் இப்போது கூலிக்குச் சுற்றுவதில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக நூறு, இருநூறு சுற்றிக் கொடுப்பார். டிவியில் எத்தனையோ சாவுகளைப் பார்த்தும் நிற்காத கை அது. என் அப்பா இறந்து பதினாறு முடிந்த மறுநாள் எங்கள் அடுப்படியில் என்ன நடந்தது என்று நான் அவரைக் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

மகள் ஒத்துக்கொண்டாள். அதிரசம் ஆச்சிக்கு. பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. "ஆச்சி, அதை எனக்குப் போட்டுக் காட்டு" என்றாள்.

சரி, தேடுவோம் என்று உங்கள் செயலியைத் திறந்தோம். வரிசையாகச் சின்னச் சின்ன படங்கள். எல்லாவற்றிலும் அதே நடிகை அழுகிறார். தலைப்பு இல்லை. எபிசோட் எண் சிலவற்றில் இருந்தது, சிலவற்றில் இல்லை. கதைச் சுருக்கம் ஆங்கிலத்தில் இரண்டு வரி, அதுவும் பாதிக்குமேல் 'குடும்பத்தில் குழப்பம்' என்கிற மாதிரி. பழைய எபிசோட் வேண்டுமானால் சந்தா கட்டு என்றது. கட்டினோம். ஆவணி மாதத்துக்குப் போனால், எங்களுக்கு வேண்டிய வாரத்தில் மூன்று நாள் மட்டும் இருந்தது. வியாழன் இல்லை. அம்மாவுக்கு வியாழன் என்பதில் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் மறுநாள் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில் வளைகாப்பு. மருமகளுக்கு வளையல் வாங்கப் போன வீட்டுக்காரர்கள் சீரியலைத் தவறவிட்டுவிட்டு எங்களிடம்தான் வந்து கதை கேட்டார்கள்.

ஒரு மணி நேரத்துக்குமேல் தேடிய பிறகு மகள் அதை வேறோர் இடத்தில் பிடித்தாள். நீங்களே போட்டிருந்த மூன்று நிமிடத் துண்டு. அதற்கு நீங்கள் வைத்த தலைப்பு: 'மாமியாரின் அதிரடி முடிவு!' உழக்கை வாங்கிக் கொட்டியதுதான் அதிரடி முடிவு. துண்டின் தொடக்கத்தில் வெடிச் சத்தம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தீர்கள். தண்ணீர்ச் சத்தம் இருந்த இடத்தில் வீணை.

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "இது இல்ல" என்று மட்டும் சொன்னார்.

இதை எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ள நான் எடுத்த முயற்சிகளை நீட்டி முழக்க விரும்பவில்லை. தொடக்கப் பாட்டில் வசனம் என்று ஒரு பெயர் வருகிறது, ஆனால் அது இரண்டு வருடமாக அதே பெயர்தான், அன்றைய நாளை எழுதியது அவரா, அவரிடம் வேலை பார்ப்பவரா, தெரியாது. முடிவில் பெயர்ப்பட்டியல் வரும் இடத்தில் அடுத்த நிகழ்ச்சியின் புரொமோ வருகிறது. நேயர் தொடர்பு முகவரிக்கு எழுதினேன். நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. பிறகு உங்கள் விருதுக்கு வாக்களிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் படிவம் வந்தபோது, இதுதான் சமயம் என்று அதில் கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். பேசிய தம்பி தன்மையாகத்தான் பேசினார். "எபிசோடுக்கெல்லாம் கேட்டகிரி இல்லைங்க மேடம். சீரியல் பேரைச் சொல்லுங்க, மாமியார்ல ஓட்டுப் போட்டுடறேன்" என்றார். அவர் மேல் தப்பு இல்லை. படிவத்தில் இருப்பதைத்தானே அவர் சொல்ல முடியும்? அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் நீங்கள்.

நான் கேட்பது புதிதான ஒன்று இல்லை. அமெரிக்காவின் தொலைக்காட்சி விருதான எம்மியில், நாடகத் தொடர்களுக்கான எழுத்து விருதும் இயக்க விருதும் தொடருக்கு இல்லை, குறிப்பிட்ட ஓர் எபிசோடுக்கு. 2025 செப்டம்பரில் எழுத்துக்கான விருதை வாங்கியவர் டேன் கில்ராய். எதற்கு? 'ஆண்டோர்' தொடரில் 'வெல்கம் டு த ரெபெலியன்' என்று பெயர் வைத்த ஓர் எபிசோடுக்கு. ஒரு சபையில் ஒரு பெண் எழுந்து நின்று, நடந்த படுகொலையைப் படுகொலை என்று எல்லார் முன்னாலும் சொல்கிற நாள் அது. அந்த நாளுக்கு ஒரு பெயர் உண்டு, ஓர் எண் உண்டு, எழுதியவர் இவர் என்று பதிவு உண்டு. அதனால்தான் ஒரு நடுவரால் அதைத் தனியாக எடுத்துக் கையில் பிடிக்க முடிகிறது. என் மகளாலும் முடிகிறது. அம்மாவால் முடியாததற்குக் காரணம் அம்மா இல்லை.

உங்கள் பதிலையும் நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். 'அது வருடத்துக்குப் பத்து எபிசோட் எடுக்கிற ஊர். நாங்கள் வாரத்துக்கு ஆறு, ஏழு எடுக்கிறோம். காலையில் சீன் பேப்பர் வரும், சாயங்காலத்துக்குள் ஷூட்டிங் முடியும். இதில் ஒரு நாளைத் தனியாக என்ன பிரிப்பது?' என்னிடம் படித்த ஒரு பையன் சென்னையில் சீரியல்களில் உதவி இயக்குநராக இருக்கிறான். அவன் சொல்லி எனக்கும் கொஞ்சம் தெரியும். வியாழக்கிழமை ரேட்டிங் வந்தால் வெள்ளிக்கிழமை கதை திரும்பும். சிரித்துக்கொண்டிருந்த கதாபாத்திரம் மறுவாரம் ஆஸ்பத்திரியில் கிடக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்பது விதி, அதைக் கழித்தால் அரை மணிக்கு இருபத்து நான்கு நிமிடம். அதிலும் முன்கதை, தொடக்கப் பாட்டு, நாளைய காட்சி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று நான் ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அறிவியல் ஆசிரியை, கை சும்மா இருக்காது. ஒரு நாளும் பத்தொன்பது நிமிடத்தைத் தாண்டவில்லை.

இந்த நெருக்கடி எல்லாம் உண்மைதான். ஆனால் இதெல்லாம் என் பக்கத்து வாதமாகத்தான் படுகிறது. இவ்வளவு அவசரத்தில், இவ்வளவு குறைந்த நிமிடத்தில், வில்லி மாமியாரை வைத்துக்கொண்டு, ஒருவர் அந்த உழக்கை எழுதியிருக்கிறார் என்றால் அவரைத்தான் மேடையில் ஏற்ற வேண்டும். நிதானமாக இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியவரைவிட இவருக்குக் கை தட்ட வேண்டும்.

தினமும் வருவதால் எண் போட முடியாது என்பதும் சரியில்லை. தினத்தந்தியில் கன்னித்தீவு 1960-லிருந்து வருகிறது. தினமும் இரண்டு மூன்று படம்தான். ஒவ்வொரு நாளும் எண் உண்டு. சிந்துபாத் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை என்று ஊரே கேலி செய்கிறது. ஆனால் இருபதாயிரத்தைத் தாண்டிய பிறகும் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

பீடிக்கே அந்த ஒழுங்கு உண்டு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. இன்ன தேதியில் இன்னார் இத்தனை சுற்றிக் கொடுத்தார் என்று பாஸ் புத்தகத்தில் எழுதுவார்கள். சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள், யார் சுற்றியதில் கழிந்தது என்றும் தெரியும். அம்மாவின் பழைய பாஸ் புத்தகங்கள் இன்னும் பரணில் இருக்கின்றன. எந்த வருடம், எந்த நாள், எத்தனை சுற்றினார் என்று இன்றைக்கும் பார்க்கலாம். புகைந்து சாம்பலாகப் போகிற பொருளுக்குக் கணக்கு இருக்கிறது.

நம் ஊரில் ஓர் எபிசோட் எண்ணோடு நினைவில் நின்ற கதையும் உண்டு. திருமுருகன் இயக்கிய நாதஸ்வரம் சீரியலின் ஆயிரமாவது எபிசோட். 2014 மார்ச்சில், இருபத்து மூன்று நிமிடத்துக்குமேல், ஒரே ஷாட்டில், அதுவும் நேரலையாக. கின்னஸில் இடம் பிடித்தது. அடோலசன்ஸைப் பற்றி மகள் சொன்னபோது அம்மா, "இதைத்தான் திருமுருகன் அப்பமே செஞ்சாச்சே" என்றார். மகள் நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனாள். அங்கே பதினோரு டேக், பதின்மூன்று டேக் எடுத்து நல்லதை வைத்துக்கொண்டார்கள். நேரலையில் இரண்டாவது டேக் கிடையாது. பதினோரு வருடம் கழித்தும் என் அம்மா அதைச் சொல்ல முடிந்தது எதனால்? அதற்கு 'ஆயிரமாவது' என்று ஒரு பெயர் இருந்ததனால். ஆயிரத்து ஒன்றாவதில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அதேபோல மெட்டி ஒலிக்கு வசனம் எழுதியவர் பாஸ்கர் சக்தி என்ற சிறுகதை எழுத்தாளர் என்பது எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? சீரியல் முடிந்து பல வருடம் கழித்து, அவருடைய சிறுகதைத் தொகுப்பின் பின்னட்டையில். அதற்குள் 2020 ஊரடங்கில் மறுஒளிபரப்பும் வந்து போய்விட்டது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் வாயில் வந்த அந்தப் பேச்சை எழுதியவர் யார் என்பது வருடக்கணக்கில் தினமும் அந்த வீட்டுக்குள் இருந்த எங்களுக்கே தெரியாமல் இருந்தது.

அரசு விருதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகள் 2022 செப்டம்பரில்தான் கலைவாணர் அரங்கத்தில் கொடுக்கப்பட்டன. 2009-இல் எழுதியவர் பதின்மூன்று வருடம் காத்திருந்திருக்கிறார். தொடருக்கே இந்தக் கதி என்றால், ஓர் எபிசோடைப் பதின்மூன்று வருடம் கழித்து நடுவர்கள் எங்கே போய்த் தேடிப் பார்ப்பார்கள்? நாலு மாதம் கழித்துத் தேடிய எங்களுக்கே கிடைக்கவில்லை. அரசின் நடுவர் குழுவிலும் உங்களில் சிலர் இருக்கக்கூடும் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

இனி, நான் கேட்பவை.

அடுத்த ஆண்டு விழாவில், வருடத்தின் சிறந்த எபிசோட் என்று ஒரு விருது வையுங்கள். அதை அந்த நாளின் திரைக்கதையையும் வசனத்தையும் எழுதியவருக்கும், அந்த நாளை இயக்கியவருக்கும் சேர்த்து, மேடையில், விளக்கு எரியும்போது கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்த எபிசோடிலிருந்து இரண்டு நிமிடம் போட்டுக் காட்டுங்கள், வெடிச் சத்தம் சேர்க்காமல். நேரம் இல்லை என்றால் ஒரு நடனத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வாக்களிக்கும் படிவத்தில் தொடரின் பெயருக்குப் பக்கத்தில் தேதி எழுத ஒரு கட்டம் விடுங்கள். மாமியாருக்கு ஓட்டுப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த அம்மா நன்றாகத்தான் நடித்தார்.

ஒவ்வொரு நாளும் தொடக்கப் பாட்டு முடிந்ததும் அன்றைய எபிசோடின் எண், அன்றைக்கு எழுதியவரின் பெயர், இரண்டையும் தமிழில், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் படித்து முடிக்கிற அளவு நேரம் திரையில் நிறுத்துங்கள். ஐந்து விநாடி போதும், நான் அம்மாவை வைத்துப் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து எழுதினால் நாலு பேரையும் போடுங்கள். முடிந்தால் எபிசோடுக்கு ஒரு தலைப்பு வையுங்கள். தினமும் முடியாது என்றால் எழுதுகிறவருக்கு வைக்கத் தோன்றுகிற நாளில் மட்டுமாவது.

செயலியில் எல்லா நாளும் இருக்கட்டும். தொடர் முடிந்த பிறகும் இருக்கட்டும். எண்ணும் தேதியும் தமிழ்ச் சுருக்கமும் இல்லாமல் எதையும் ஏற்றாதீர்கள். சந்தா வாங்கிக்கொண்டு ஆறு நாளில் மூன்று நாளை மட்டும் வைப்பதற்கு என்ன காரணம் என்று சந்தா கட்டியவள் என்ற முறையில் கேட்கிறேன். இதற்கு மட்டும் எழுத்தில் பதில் வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2025 ஆவணி மாதம், வியாழக்கிழமை, இரவு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மூத்த மருமகள் அரிசி அளக்கும் எபிசோட். எந்த சீரியல் என்று உங்களுக்குத் தெரியும். அதன் எண்ணையும், அன்றைக்கு எழுதியவரின் பெயரையும் ஒரு ஐம்பது பைசா போஸ்ட் கார்டில் எழுதி அனுப்பினால் போதும். வீட்டு முகவரி சந்தாப் படிவத்தில் இருக்கிறது. கார்டை அம்மா பெயருக்குப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நேயர்